டெஸ் பிரையன்ட் பிடித்தது கேட்ச்தானா?

கேட்டவர் வேலைக்காக டாலஸுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம். அலுவலகத்தில் அந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான கௌபாய்ஸின் ரசிகர்கள் 2015-ல் நடந்த ஓர் ஆட்டத்தை நினைத்து இன்னும் புலம்புவதைக் கேட்டு, அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்திருக்கிறார். "ரெண்டு கையாலும் பிடித்தான், மூன்று எட்டு வைத்தான், அப்புறம்தான் விழுந்தான். இதைக் கேட்ச் இல்லை என்று எப்படிச் சொன்னார்கள்? பிற்பாடு விதியையே மாற்றினார்கள் என்றால் அன்று செய்தது தப்பு என்றுதானே அர்த்தம்? உள்ளே ஏதாவது நடந்ததா?" என்று கேட்கிறார். இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அன்றைய விதி என்ன சொன்னது, அந்த விதிப்படி தீர்ப்பு சரியா, அந்த விதியே உருப்படியானதா. ரசிகர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் இத்தனை வருடமாகியும் சண்டை ஓயவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்சாஸில் பள்ளி அணிகளின் ஆட்டங்களில் பல வருடங்களாக பேக் ஜட்ஜாக நிற்கிறேன். எல்லாருக்கும் பின்னால் நின்று, தூரத்தில் வந்து விழும் பந்துகளைப் பார்க்கிற வேலை. கேட்ச்சா இல்லையா என்பதுதான் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் என் பிழைப்பு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். மைதானத்தில் விசில் ஊதியதில்லை, ரீப்ளே அறைக்குள் உட்கார்ந்ததும் இல்லை. டெக்சாஸ் பள்ளிகள் பெரும்பாலும் கல்லூரி விதிகளைப் பின்பற்றுகின்றன, தொழில்முறை விதி சில இடங்களில் வேறு. கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும், என்.எஃப்.எல்.-இல் இரண்டு காலும் படவேண்டும். ஆகவே விதிப்புத்தகத்தை வைத்தும், ஓடிவரும் ஆளைப் பார்த்து நொடியில் முடிவு சொல்லிப் பழகிய கண்ணை வைத்தும்தான் பேசுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 2015 ஜனவரி 11, கிரீன் பே நகரின் லாம்போ மைதானம், பிளேஆஃப் ஆட்டம். பேக்கர்ஸ் 26, கௌபாய்ஸ் 21. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. கௌபாய்ஸுக்கு நான்காவது, அதாவது கடைசி முயற்சி. புதிதாக முயற்சிகள் கிடைக்க இரண்டு யார்டு எடுத்தால் போதும், பந்து எதிராளியின் 32 யார்டு கோட்டில் இருக்கிறது. பந்தை வீசுபவரான குவார்ட்டர்பேக் டோனி ரோமோ அந்த இரண்டு யார்டை விட்டுவிட்டு, இடது ஓரமாக ஓடும் கௌபாய்ஸ் வீரர் டெஸ் பிரையன்ட்டுக்கு நீளமாக வீசினார். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்த பேக்கர்ஸ் தடுப்பாளர் சாம் ஷீல்ட்ஸின் தலைக்கு மேல் எம்பிப் பிடித்தார் பிரையன்ட். கீழே இறங்கி எட்டு வைத்துக்கொண்டே சாய்ந்தார். பந்தை இடது கைக்கு மாற்றி, கோல் கோட்டை நோக்கி நீட்டியபடி விழுந்தார். கை தரையில் மோதியபோது பந்தும் தரையில் பட்டு எகிறியது. உருண்டபடியே மறுபடி பிடித்துக்கொண்டார். மைதானத்தில் நின்ற அதிகாரி கேட்ச் என்றார், பந்து கோட்டுக்கு ஒரு யார்டுக்குள். பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி சிவப்புக் கொடியை எறிந்து மறுபரிசீலனை கேட்டார். ரெஃப்ரி ஜீன் ஸ்டெரடோர் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து கேட்ச் இல்லை என்று அறிவித்தார். பந்து பேக்கர்ஸுக்குப் போனது, மிச்ச நேரத்தை அவர்களே ஓட்டி முடித்தார்கள். 26–21 என்றே ஆட்டம் முடிந்தது.

இந்த ஆட்டத்துக்குப் புதிதானவர்கள் தவறவிடும் ஒரு சங்கதி இங்கே உண்டு. கேட்ச் எது என்ற வரையறை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. பந்து பிடிபடாமல் கீழே விழுந்தால் பாஸ் வீண், அவ்வளவுதான், அடுத்த முயற்சிக்குப் போகலாம். ஆனால் பிடித்த பிறகு கைநழுவினால் அது ஃபம்பிள். யார் வேண்டுமானாலும் பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓடலாம். இப்போது மைதானத்தின் நடுவில் ஒருவர் பந்தைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றிய அதே கணத்தில் நூறு கிலோ ஆள் ஒருவர் வந்து மோதுகிறார், பந்து தெறிக்கிறது என்று வையுங்கள். கேட்ச்சுக்கு இரண்டு கால் போதும் என்று எளிதாக எழுதிவிட்டால் இது ஃபம்பிள். அந்த அணி பந்தை இழக்கும். தடுப்பவர்களும் பந்தை விட்டுவிட்டு ஆளை மோதுவதிலேயே குறியாக இருப்பார்கள். பள்ளி ஆட்டத்தில் இப்படி ஒன்று என் முன்னால் நடக்கும்போது, ஒரு கை இடுப்பில் செருகிய பீன் பேக் பையை நோக்கிப் போகும். ஃபம்பிள் நடந்த இடத்தைக் குறிக்க அதைத்தான் கீழே போடுவோம். இன்னொரு மனசு, இரண்டு கையையும் குறுக்கே வீசி பாஸ் வீண் என்று காட்டச் சொல்லும். எது என்று தீர்மானிக்க அரை நொடிகூட இருக்காது. அதனால்தான் பிடிப்பவர் பந்தைக் கொஞ்ச நேரமாவது தன்வசம் வைத்திருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. சந்தேகம் வந்தால் கேட்ச் இல்லை என்று வை என்பதை கல்லூரி விதிப்புத்தகம் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதில்தான் வம்பு. 2014 பருவத்தின் (அந்த ஜனவரி ஆட்டமும் அதைச் சேர்ந்ததுதான்) என்.எஃப்.எல். விதி மூன்று விஷயங்களைக் கேட்டது. பந்து கைவசப்பட வேண்டும், இரண்டு காலோ உடம்பின் வேறு பகுதியோ எல்லைக்குள் தரையில் பட வேண்டும், அதன்பின் ஆட்டத்துக்கே உரிய ஏதாவது ஒன்றைச் செய்யும் அளவுக்காவது பந்து கையில் இருக்க வேண்டும். முன்னேறுவது, வீசுவது, எதிராளியைத் தள்ளி விலக்குவது மாதிரியானவை. இதற்குக் கீழே தனியாக ஒரு பிரிவு: பிடிக்கும் செயலிலேயே ஒருவர் தரைக்குப் போகிறார் என்றால், தரையில் மோதி முடிக்கும்வரை பந்து அவர் கட்டுப்பாட்டில் இருந்தாக வேண்டும். கட்டுப்பாடு இழந்து பந்து தரையைத் தொட்டால், பிறகு மறுபடி பிடித்தாலும் பயனில்லை.

இந்தப் பிரிவு டெஸ்ஸுக்காக அன்று புதிதாக முளைத்ததில்லை. 2010 செப்டம்பர் 12, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட். டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன், அரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில், கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள என்ட் ஸோனில் எம்பிப் பிடித்தார். இரண்டு காலும் பட்டன, உட்கார்ந்தவாக்கில் விழுந்தார், எழும் வேகத்தில் வலது கையிலிருந்த பந்தைத் தரையில் ஊன்றி அங்கேயே விட்டுவிட்டுக் கொண்டாட ஓடினார். முதலில் ஓர் அதிகாரி டச் டவுன், அதாவது ஆறு புள்ளி, என்று கையைத் தூக்கினார். பின் கூடிப் பேசி இல்லை என்றார்கள், ரீப்ளேயும் அதை உறுதி செய்தது. சிகாகோ அணியான பேர்ஸ் 19–14 என்று ஜெயித்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 1999 உலகக் கோப்பையில் ஹெர்ஷல் கிப்ஸ் நினைவுக்கு வரலாம். ஸ்டீவ் வா அடித்ததைப் பிடித்து, குதூகலத்தில் மேலே எறியப் போய் கைநழுவவிட்டார். பந்தின் மீதும் தன் உடம்பின் மீதும் முழுக் கட்டுப்பாடு வந்தபின்தான் கேட்ச் என்று கிரிக்கெட் விதி கேட்பதால் வா தப்பித்தார், சதமும் அடித்தார். அங்கே யாரும் நடுவரைத் திட்டவில்லை, கிப்ஸைத்தான் திட்டினார்கள். இங்கே எல்லாரும் விதியைத் திட்டினார்கள், "கால்வின் ஜான்சன் விதி" என்று பேரே வைத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கும் ரெஃப்ரி ஜீன் ஸ்டெரடோர்தான். பாவம் மனுஷன்.

சரி, டெஸ்ஸுக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. பந்து தரையில் பட்டது. பட்டபோது கையிலிருந்து விலகியது. அன்றைய எழுத்தின்படி, அவர் பிடிக்கும் செயலிலேயே விழுந்தார் என்று கொண்டால் அது கேட்ச் கிடையாது. இந்த மூன்றிலும் வாதத்துக்கு இடமில்லை. சந்தேகத்துக்கு இடமுள்ளது ஒன்றே ஒன்று. நீங்கள் எண்ணிய அந்த எட்டுகள், விழுகிற ஆளின் தடுமாற்றமா, பந்தோடு முன்னேறும் ஓட்டக்காரரின் நடையா? பிந்தையது என்றால் விழுவதற்கு முன்பே கேட்ச் முடிந்துவிட்டது, தரைப் பிரிவே பொருந்தாது. அந்தரத்தில் இருந்து சாய்ந்தபடியே இறங்கினார், ஒரு கணமும் நிமிர்ந்து நிற்கவில்லை, ஆகவே எல்லாம் ஒரே விழுகைதான் என்பது லீகின் நிலை. கோட்டை நோக்கிக் கையை நீட்டினாரே என்றால், அது இன்னும் தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று அப்போது அதிகாரிகள் பிரிவுக்குத் தலைவராக இருந்த டீன் பிளாண்டினோ விளக்கினார். எனக்கு அந்த விளக்கத்தில் முழு திருப்தி இல்லை. பந்தை ஒரு கைக்கு மாற்றுவது விழுகிறவன் தன்னிச்சையாகச் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை. விழுகிறவன் பந்தை நெஞ்சோடு அணைப்பான். அவர் எடுத்து நீட்டினார். ஆனால் இது என் வாசிப்பு. என்னோடு நிற்கும் அனுபவஸ்தர்கள் சிலர் இதே காட்சியைப் பார்த்து, தலை முதலே சாய்ந்துவிட்டது, விழுகைதான் என்று சத்தியம் பண்ணுகிறார்கள்.

அதனால் என் கணக்கு இப்படி. மைதானத்தில் முதலிலேயே கேட்ச் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசமாட்டேன். கேட்ச் என்றே சொல்லியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் சொன்ன தீர்ப்பை மாற்ற ஐயத்துக்கு இடமில்லாத காட்சி ஆதாரம் வேண்டும். பந்து தரையில் பட்டதற்கு அப்படி ஆதாரம் இருந்தது. அவர் ஓட்டக்காரர் ஆகவில்லை என்பதற்கு இருந்ததா? அது அனுமானம், கேமரா அதைக் காட்டாது. அங்கேதான் கோடு தாண்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மெதுவோட்டக் காட்சியின் கோளாறு இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஓரக்கோட்டருகே ஒரு கேட்ச் வரும்போது நான் முதலில் காலைப் பார்ப்பேன், கால் உள்ளே என்று மனதில் பதிந்ததும் கண்ணை மேலே தூக்கிப் பந்தைப் பார்ப்பேன். விசில் வாயில் இருந்தாலும் உடனே ஊதுவதில்லை, ஒரு மூச்சு பொறுப்பேன். இதெல்லாம் நிஜ வேகத்தில் பழகிய தாளம். அந்த வேகத்தில் பிடித்ததும் விழுந்ததும் ஒன்றாகத் தெரிகிற காட்சி, பத்து மடங்கு மெதுவாக்கினால் நாலு தனித்தனிச் செயல்களாகப் பிரிந்து நிற்கும். பிடித்தான், எட்டு வைத்தான், திரும்பினான், நீட்டினான். ரசிகர் அதைப் பார்த்து எவ்வளவு நேரம் பந்தை வைத்திருந்தான் பாருங்கள் என்பார். அதே மெதுவோட்டம், நிஜ வேகத்தில் யாரும் கவனிக்காத பந்தின் சின்ன அசைவையும் பூதாகரமாகக் காட்டும். எதிர்க்கட்சிக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். கட்டுப்பாடு, நேரம் என்கிற இரண்டையும் நிஜ வேகத்தில்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கோட்டைத் தொட்டதா, தரையில் பட்டதா என்பதற்கு மட்டும் மெதுவோட்டம் போதும்.

உள்ளே ஏதாவது நடந்ததா என்று கேட்டீர்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தப் பருவத்திலிருந்துதான் ரெஃப்ரி ரீப்ளே பார்க்கும்போது நியூயார்க்கிலுள்ள தலைமையகத்தோடு பேசுகிற ஏற்பாடு வந்தது. சந்தேகப் பிராணிகளுக்கு அதுவே தீனியாயிற்று. முடிவு அப்போது ரெஃப்ரியின் கையில்தான் இருந்தது, 2017-ல்தான் கடைசி வார்த்தை நியூயார்க்குக்குப் போனது. உங்கள் அலுவலகத்து ஆட்களிடம் இன்னொன்றையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரம், ஜனவரி 4 அன்று, டெட்ராய்ட்டோடு நடந்த ஆட்டத்தில் கௌபாய்ஸ் வீரர் ஆண்டனி ஹிச்சன்ஸ் மீது பாஸ் குறுக்கீட்டுக்காக (பந்தைப் பிடிக்க விடாமல் இடைஞ்சல் செய்ததற்காக) கொடி எறிந்து, அறிவிக்கவும் செய்துவிட்டு, பிறகு அந்தக் கொடியை எடுத்துக்கொண்டார்கள், தண்டனை இல்லை என்றார்கள். கௌபாய்ஸ் 24–20 என்று ஜெயித்தது. சதி என்றால் ஏழு நாளில் கட்சி மாறிய சதியாக இருக்கவேண்டும்.

இனி விதி மாறிய கதை. டெஸ் விவகாரத்துக்குப் பிறகு 2015-ல் வார்த்தைகளைத் திருத்தினார்கள். ஆட்டத்துக்குரிய செயல் என்பதை எடுத்துவிட்டு, தெளிவாக ஓட்டக்காரர் ஆகும்வரை என்று போட்டார்கள். தரைப் பிரிவு அப்படியே இருந்தது. நோய் இருந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கட்டுப் போட்ட மாதிரி. வினை 2017 டிசம்பர் 17 அன்று பிட்ஸ்பர்கில் வந்தது. ஸ்டீலர்ஸ் 24, பேட்ரியட்ஸ் 27, அரை நிமிடம் பாக்கி. ஸ்டீலர்ஸின் ஜெஸி ஜேம்ஸ் பந்தைப் பிடித்து, முட்டி தரையில் பட, திரும்பிக் கோட்டுக்கு மேல் நீட்டினார். டச் டவுன் என்றார்கள். பிறகு, பந்து தரையில் பட்டுச் சுழன்றது என்று நியூயார்க் ரத்து செய்தது. அடுத்த சில நொடிகளில் ஸ்டீலர்ஸ் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர் வீசியதை பேட்ரியட்ஸ் பறித்துக்கொண்டது, ஆட்டம் போயிற்று. எழுத்தின்படி அந்த ரத்து சரியானதே. சரியான தீர்ப்பு இவ்வளவு அபத்தமாகத் தெரிந்தது என்பதுதான் விதிக்குச் சாவுமணி அடித்தது என்பேன்.

2018 பிப்ரவரி 4 அன்று, லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் ஈகிள்ஸின் கோரி கிளெமென்ட், ஸாக் எர்ட்ஸ் இருவருடைய டச் டவுன்களும் இதே விதியின் கீழ் நீண்ட நேரம் ஆராயப்பட்டன, இரண்டையும் நிற்கவிட்டார்கள். எர்ட்ஸ் எட்டு வைத்துப் பாய்ந்ததால் அவர் ஓட்டக்காரர் என்றார்கள். அது சரியான தீர்ப்புதான், ஆனால் டிவி பார்த்த கோடிக்கணக்கான பேருக்கு, டெஸ் எட்டு வைத்தது மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை என்ற கேள்விதான் எழுந்தது. மார்ச் மாதம் ஆர்லாண்டோவில் கூடிய அணி உரிமையாளர்கள் 32–0 என்று புது விதியை ஏற்றார்கள். தரைப் பிரிவு போனது. இப்போது தேவை மூன்று: கட்டுப்பாடு, இரண்டு காலோ உடம்பின் வேறு பகுதியோ தரையில் படுவது, அதன்பின் ஆட்டத்துக்குரிய ஒரு செயல். மூன்றாவது எட்டு வைப்பதும் கோட்டை நோக்கி நீட்டுவதும் அப்படிப்பட்ட செயல்கள் என்று பேர் சொல்லியே எழுதிவிட்டார்கள். செய்யாவிட்டாலும், செய்யக்கூடிய அளவு நேரம் பந்து கையில் இருந்தாலே போதும். பந்து லேசாக அசைந்தால் மட்டும் கட்டுப்பாடு போய்விட்டதாக ஆகாது. டெஸ்ஸும் ஜெஸி ஜேம்ஸும் பிடித்தவை கேட்ச் ஆகும்படி பின்னாலிருந்து முன்னால் எழுதிய விதி இது என்பதை லீக் மறைக்கவில்லை.

விதி மாறியதால் அன்று செய்தது தப்பு என்று ஆகிவிடாது. ஆட்டம் அன்றிருந்த எழுத்தின்படி நடந்தது. எழுத்து மோசம் என்று பின்னால் தெரிந்ததால் மாற்றினார்கள். புது விதியும் சர்வரோக நிவாரணி கிடையாது. செய்யக்கூடிய அளவு நேரம் என்பது மறுபடி ஒருவர் மனக்கணக்குதான். மூன்றாவது எட்டுக்கு முன் பந்து தட்டிவிடப்பட்டால் இன்றும் அதே கூச்சல் எழுகிறது. கேட்ச்சை எளிதாக்கியதற்கு விலையும் உண்டு: முன்பு வீண் பாஸாகப் போயிருக்கும் சில பந்துகள் இப்போது ஃபம்பிள். அந்த விலை கொடுக்கத் தக்கது என்றுதான் நினைக்கிறேன். பார்க்கிறவன் கண்ணுக்கு கேட்ச்சாகத் தெரிவதும் புத்தகம் கேட்ச் என்பதும் முன்னைவிட நெருங்கியிருக்கின்றன.

கடைசியாக, கௌபாய்ஸ் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பறித்துவிட்டார்கள் என்று சொல்கிறார்களாமே. கேட்ச் என்று நின்றிருந்தாலும் அது டச் டவுன் கிடையாது. ஷீல்ட்ஸ் தொட்டு விழுந்தவர், பந்து கோட்டுக்குச் சற்று முன்னால். அங்கிருந்து கௌபாய்ஸின் டிமார்கோ மர்ரி உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் 1,845 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தவர், அநேகமாக முடித்திருப்பார். ஆனால் அதே ஆட்டத்தில் பேக்கர்ஸின் ஜூலியஸ் பெப்பர்ஸ் அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதும் நடந்தது. முடித்திருந்தால் கௌபாய்ஸ் 27–26, கூடுதல் இரண்டு புள்ளி கிடைத்தால் 29–26. அப்போதும் பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கையில் பந்தும் சுமார் நான்கு நிமிடமும் இருந்திருக்கும், கெண்டைக்காலில் காயத்தோடு ஆடினாலும்.